கிழக்குப் பாதியின் வரி

தறியில் உட்கார்ந்துவிட்டால் வேலாயுதம் பேச மாட்டார். எழுந்த பிறகும் பேச மாட்டார் என்பதுதான் அவர் மனைவி ஏலவார்குழலியின் குறை.

கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று வரும்போது குறுக்கு இழையைச் சுமந்து மூன்று நாடா ஓடும். இரண்டை நெய்பவர் பார்த்துக்கொள்வார். மூன்றாவதை இடப்பக்கம் உட்கார்ந்து ஒருவர் வாங்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். மகள் மஹாலட்சுமி கல்யாணமாகிப் போனதிலிருந்து அந்த இடம் குழலிக்கு வந்தது. தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு அவர், பக்கத்தில் பலகைமேல் இவள். தோளும் தோளும் இடிக்கிற தூரம். காலை நாஷ்டாவிலிருந்து விளக்கு வைக்கிற நேரம்வரை அப்படியே இருந்தாலும் அவர் வாயிலிருந்து வருவது "ம்" ஒன்றுதான். இழை அறுந்தால் ஒரு "ம்". நாடாவில் ஊடை நூல் தீர்ந்தால் ஒரு "ம்". இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இவளுக்குத் தெரியும். ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

அன்று திங்கட்கிழமை. பங்குனி வெயில் காலையிலேயே சந்துப் பக்க ஜன்னல் வழியாகத் தறியின் நீள இழைகளான பாவின்மேல் விழுந்திருந்தது. பெரிய தெரு முனையில் கல்லூரி பஸ் ஒன்று வழக்கம்போல இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போனது. மிதியில் இருந்த வேலாயுதத்தின் கால் ஒரு நொடி நின்று மறுபடி அமுங்கியது. அதையும் குழலி தினம் பார்க்கிறாள். கேட்டதில்லை.

கொஞ்ச நேரத்தில் வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கதவை யாரோ உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்கிற சத்தம்.

"யாருப்பா அது?" என்று கத்தினாள். கையில் நாடா இருந்தது. பாதியில் எழுந்தால் கரை இழுத்துக்கொள்ளும். எழுந்து போய்ப் பார்ப்பதற்குள் வண்டி போய்விட்டது.

பச்சைக் கதவில் ஒரு வெள்ளைத் தாள். மாநகராட்சி முத்திரை. பல வருடமாகச் சொத்து வரி செலுத்தாததால் வரும் வெள்ளிக்கிழமை குடிநீர், பாதாளச் சாக்கடை இணைப்புகள் துண்டிக்கப்படும் என்று போட்டிருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கொட்டை எழுத்தில் முத்துக்குமார்.

குழலிக்குச் சிரிப்பு வந்தது. "ஏங்க, உங்க தம்பி வரி கட்டலியாம். நம்ம கதவுல ஒட்டிக்கினு போயிருக்கான் மடையன்."

"ம்."

அந்த "ம்" இழை அறுந்ததும் இல்லை, ஊடை தீர்ந்ததும் இல்லை.

முத்துக்குமாரின் வீடு அடுத்த கதவு. ஒரே கூரை. நடுவில் பிறகு எழுப்பிய ஒரு சுவர். கிழக்குப் பாதியில் இவர்கள். மேற்குப் பாதி பூட்டிக் கிடந்தது. தாளின் பசை இன்னும் காயவில்லை. குழலி நகத்தால் மெதுவாக நான்கு மூலையையும் தூக்கி, கிழியாமல் உரித்தெடுத்தாள். முதல் நாள் விடியலில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட்டிருந்தார்கள். பட்டு இழை பிசிறாமல் விறைப்பாக நிற்கத் தடவுகிற அரிசிக் கஞ்சி. வாளியின் அடியில் மிச்சம் இருந்தது. அதை வழித்து மேற்குக் கதவில் தாராளமாகப் பூசி, தாளை வைத்து, பாவுக்குக் கஞ்சி தடவுகிற அதே கைப்பக்குவத்தில் சுருக்கமில்லாமல் நீவிவிட்டாள்.

நிறைமாதத்தில் இருந்த மஹாலட்சுமி வாசற்படியில் கால் நீட்டி உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். "ம்மா, சித்தப்பா மூஞ்சியிலயே ஒட்டின மாரி இருக்குது" என்றாள்.

"இருக்கட்டும். கண்ணுல படட்டும்."

"எப்படிப் படும்? அவரு இந்தத் தெருவுக்குள்ளயே வர்றதில்லையே."

புதன்கிழமை பில் கலெக்டர் ராமராஜன் வந்தான். வேலைக்குப் புதிது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் செல்போன், முகத்தில் வெயிலும் பசியும். மேற்குக் கதவின் முன்னால் நின்று தாளைப் பார்த்தான். திரும்பிக் கிழக்குக் கதவைப் பார்த்தான்.

"யாருமா இத இங்க ஒட்டினது?"

"நான்தான்" என்றாள் குழலி. "நீ மாத்தி ஒட்டிட்டுப் போயிட்ட. சரியான கதவுல ஒட்டிக் குடுத்திருக்கேன். ஒரு தேங்க்ஸ் சொல்லுபா."

"தேங்க்ஸா? கவர்மெண்டு நோட்டீஸக் கிழிச்சா இன்னா ஆவும் தெரியுமா?"

"எங்க கிழிச்சேன்? ஓரம்கூட மடங்கல பாரு."

அவன் நகத்தால் சுரண்டிப் பார்த்தான். தாள் மரத்தோடு மரமாகியிருந்தது. "இன்னாத்தப் போட்டு ஒட்டினீங்க?"

"பாவுக்கஞ்சி."

ராமராஜன் பெருமூச்சு விட்டு செல்போனை அவளிடம் நீட்டினான். "நல்லாப் பாருங்க. மேற்குக் கதவு. பேரு வேலாயுதம். பாக்கி ஒண்ணும் இல்ல. அரையாண்டுக்கு அரையாண்டு டாண்ணு கட்டியிருக்குது. கிழக்குக் கதவு, நீங்க குடியிருக்குறது, பேரு முத்துக்குமார். ஒத்த ரூபா கட்டல."

"வேலாயுதம் எங்க வூட்டுக்காரரு. உள்ள தறியில உக்காந்துக்கினு இருக்காரு. அவரு எப்படி அந்தப் பக்கம் போவாரு?"

"அது எனக்குத் தெரியாது. எனக்குக் கதவு நம்பர்தான்."

"முன்ன வந்துக்கினு இருந்தவரு இப்படியா பண்ணாரு? பேரச் சொல்லிக் கூப்டு அவரவர் சீட்ட அவரவர் கையில குடுப்பாரு. தம்பி சீட்ட அந்தக் கதவுக்கு அடியில தள்ளிட்டுப் போவாரு."

"அதான்மா வெனையே. அவரு ஆளப் பாத்துக் குடுத்தாரு. நம்பரப் பாக்கல. பூட்டின கதவுக்கு அடியில தள்ளினா யாரு எடுத்துப் படிக்கிறது? எலியா?"

குழலி குனிந்து மேற்குக் கதவின் அடி இடுக்கைப் பார்த்தாள்.

மஹாலட்சுமி படியிலிருந்தே கேட்டாள். "சார், சாக்கடையக் கட் பண்றதுன்னா இன்னா? கக்கூஸு?"

"லைன்ல மண்ணு மூட்டை போட்டு அடைச்சிடுவோம்." சொல்லிவிட்டு அவள் வயிற்றைப் பார்த்தான். பார்வையைச் செல்போனுக்கு மாற்றிக்கொண்டான். "நான் இன்னாக்கா பண்ணுவேன்? மார்ச்சு முடியுது. டார்கெட்டு. எங்களையும் மேல போட்டு வாட்டுறாங்க."

"அப்ப நான் எங்க சார் போறது? மேற்கு வூட்டு கக்கூஸுக்கா? அதுக்குத்தான் வரி கட்டியிருக்கோமே."

அவன் வண்டியை உதைத்துக் கிளப்பினான்.

குழலி உள்ளே போய்ப் பழைய ரசீதுகளைத் தேடி எடுத்தாள். எல்லாவற்றிலும் வேலாயுதம் என்றுதான் இருந்தது. பணம் கட்டப் போகும்போதெல்லாம் அவர் பழைய ரசீதை நீட்டுவார். கவுண்டரில் அதே எண்ணுக்குப் புது ரசீது போட்டுக் கொடுப்பார்கள். தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வருவார். கதவு எண்ணை யார் பார்த்தது?

"எழுந்திரிங்க. ஆபீசுக்குப் போலாம்."

அவர் அறுந்த இழை ஒன்றைப் பிணைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"அப்ப நான் போறேன். கோர்வைக்கு ஆள் இல்ல. கம்முனு குந்தியிருங்க. அதான் உங்களுக்கு வரும்."

மாநகராட்சி அலுவலகத்தில் கீழே இருந்தவர் மேலே போகச் சொன்னார். மேலே இருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். சாப்பிட்டு வந்தவர் ரசீதுகளை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்து, "எல்லாம் கரெக்டா கட்டியிருக்கீங்களே, அப்புறம் இன்னா பிரச்சினை?" என்று கேட்டார். சொன்னாள். அவர் கேட்டுவிட்டுக் கீழே போகச் சொன்னார். கீழே கவுண்டரில் மின்சாரம் போயிருந்தது. வரிசையில் நின்றவர்கள் விசிறிக்கொண்டு நின்றார்கள். முன்னால் நின்ற பெரியவர் திரும்பி, "உங்களுதாவது தப்பு நம்பரு. எனுக்கு நம்பரே இல்லேன்றாம்மா" என்றார்.

எதிர்ச்சாரியில் இ-சேவை மையம் வைத்திருந்த அம்சா தினமும் முசரவாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். கடை என்பது ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், அம்சா, அவள் பின்னால் ஒரு மாதா படம். குழலி உள்ளே வந்தபோது மேசை ஓரத்தில் டப்பாவைத் திறந்து எலுமிச்சைச் சோறு தின்றுகொண்டே ஒருவருக்கு வருமானச் சான்று போட்டுக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்கக்கா. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. மேல போவச் சொன்னானா, கீழ போவச் சொன்னானா?"

"ரெண்டும்."

"தண்ணி குடிங்க மொதல்ல."

தண்ணீர் குடித்துவிட்டுக் குழலி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே தன் குரல் ஏறுவது அவளுக்கே கேட்டது. அம்சா டப்பாவை மூடிவைத்தாள். கடைசியில் ஒன்றுதான் கேட்டாள். "பாகப் பத்திரத்துல கிழக்கு யாருக்குன்னு எழுதியிருக்குது?"

குழலி கையிலிருந்த ரசீதுகளை மேசைமேல் வைத்தாள். பிறகு, "தம்பிக்கு" என்றாள்.

மாமனார் காலமானதும் பிள்ளையார் முன்னால் திருவுளச்சீட்டுப் போட்டுப் பாகம் பிரித்தார்கள். கிழக்கு தம்பிக்கு விழுந்தது. மேற்கு அண்ணனுக்கு. அப்படியே பத்திரமும் பதிவானது, மாநகராட்சிக் கணக்கிலும் ஏறியது. ஆனால் தறிக்குழி கிழக்கில் இருந்தது. சந்து ஜன்னலும், காலை வெளிச்சமும் அங்கேதான். தறியைக் கழற்றி மாற்றலாம், குழியை எப்படித் தூக்கிப்போவது? முத்துக்குமாருக்கு நெசவு வேண்டாம். வண்டி ஓட்டப் போய்விட்டான். "நீ கிழக்க எடுத்துக்கோணா" என்று வாசலில் நின்று சொன்னான். "சரி" என்றார் வேலாயுதம். அவ்வளவுதான் நடந்தது. மாநகராட்சிக்கு யாரும் போய்ச் சொல்லவில்லை.

அம்சா கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "நீங்க கட்டின காசு மேற்கு நம்பருக்குப் போயிடுச்சு. அத எடுத்து இதுல போடக் கம்ப்யூட்டர்ல வழி இல்ல. மனு குடுக்கலாம், மாசக்கணக்குல ஆவும். வெள்ளிக்கெழமைக்குள்ள அடைக்காம இருக்கணும்னா பாக்கியில பாதியாவது கட்டணும். மீதிக்குத் தவணை கேட்டு ஓனர் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்."

"எழுதும்மா. அவர இட்டாந்து போட வைக்கிறேன்."

"எவர? ஓனர் முத்துக்குமார்க்கா."

பாதி என்பதே இரண்டு சேலைக் கூலி. அது கழுத்தில் கிடப்பதை அடகு வைத்தாவது வரும். முத்துக்குமாரின் கையெழுத்து எந்தக் கடையில் கிடைக்கும்?

"அண்ணன் தம்பிக்குப் பேச்சு இல்லம்மா" என்றாள் குழலி.

"எதுக்கு?"

"இதுக்குத்தான்."

முத்துக்குமார் ஒருநாள் பத்திரம் எழுதுகிறவரைக் கூட்டிக்கொண்டு, முத்திரைத்தாளோடு வந்து நின்றான். வாயால் மாற்றிக்கொண்டதை எழுத்தில் போட்டுவிடலாம், நாளைக்குப் பிள்ளைகள் காலத்தில் தொல்லை இருக்கக் கூடாது என்றான். வேலாயுதம் தறியில் இருந்தார். "என் வார்த்தைக்கு நீ முத்திரை கேக்குறியா?" என்றார். அதன் பிறகு தம்பியிடம் பேசவே இல்லை. தம்பி ஏனாத்தூரில் வீடு கட்டிக்கொண்டு போனான். கல்லூரி பஸ் ஓட்டுகிறான்.

அம்சா தலையில் அடித்துக்கொண்டாள். "உங்களுக்குச் சொத்து இருக்குறதால எழுத வேணாம்னு கோவம். எங்க அப்பாருக்கு ஒத்த காணி பட்டா வாங்குறதுக்குள்ள நான் நடந்த நடையில ரெண்டு செருப்பு தேஞ்சுது. எந்த ஜன்னல்ல எவன் ஒக்காந்திருப்பான்னு கத்துக்கினேன். சரி, அலையுறதே அலையுறோம், கடையாப் போட்டுடலாம்னு போட்டேன்." மனுவை அடித்து அச்செடுத்துக் கொடுத்தாள். தட்டச்சுக் கூலியைச் சரியாக வாங்கிக்கொண்டாள். "கையெழுத்து வாங்கிக்கினு நேரா இங்க வாங்க. மேலயும் போவாதீங்க, கீழயும் போவாதீங்க."

வீட்டுக்கு வந்தபோது வேலாயுதம் குழிக்குள்ளேயே இருந்தார். தறி ஓடவில்லை. கோர்வைக்கு ஆள் இல்லாமல் எப்படி ஓடும்? நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு, பாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மஹாலட்சுமி கொடுத்த டீ ஆடை கட்டிக்கிடந்தது.

குழலி நின்றபடியே சொன்னாள். ஆபீசைச் சொன்னாள், அம்சாவைச் சொன்னாள், கையெழுத்தைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது கழுத்து நரம்பிலிருந்து தெரிந்தது.

"நாளைக்கு ஏனாத்தூர் போயிட்டு வாங்க. கூடப் பொறந்தவருதான?"

சுவரில் பல்லி கத்தியது. தெருவில் எண்ணெய்க்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். அந்த மணி தேய்ந்து அடுத்த தெருவுக்குப் போகிறவரை அவள் நின்றாள். வீடு முழுக்க அந்த மௌனம் கஞ்சி போட்ட பாவு மாதிரி விறைத்து நின்றது.

"எழுதிக்கலாம்னு அன்னிக்கே சொன்னாரு அவரு. எழுதியிருந்தா இந்தப் பேஜார் உண்டா? உங்க ரோசத்துக்குப் புள்ளத்தாச்சிப் பொண்ணு சொம்பு தூக்கிக்கினு எங்க போவணும்? அத மட்டும் சொல்லுங்க."

"எனுக்குத் தெரியாது" என்றார் வேலாயுதம். அன்றைய தேதிக்கு அதுதான் நீளமான வாக்கியம்.

வியாழக்கிழமை மத்தியானம் குழலி ஷேர் ஆட்டோ பிடித்து ஏனாத்தூர் போனாள். பஸ்ஸின் காலை நடைக்கும் மாலை நடைக்கும் நடுவில் முத்துக்குமார் வீட்டில் இருப்பான் என்று கணக்குப் போட்டிருந்தாள். சாலையில் தோள்பையோடு பிள்ளைகள் கும்பல் கும்பலாகப் போனார்கள். இவ்வளவுதான் தூரம். அவளுக்கு எரிச்சல் வந்தது. அமெரிக்காவில் இருக்கிற தம்பியோடு பேசாமல் இருந்தாலாவது ஒரு மரியாதை.

முத்துக்குமார் கைலியோடு கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தான். பார்த்ததும் பதறி எழுந்தான். "அண்ணி! வாங்கண்ணி! அண்ணனுக்கு ஒண்ணும் இல்லியே?"

"அவருக்கு இன்னா? குழியில நல்லா இருக்காரு."

அவன் மனைவி அலமு மோரும் வறுத்த வடகமும் கொண்டுவந்து வைத்தாள். மஹாவுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது, வலி எடுத்தால் எந்த ஆஸ்பத்திரி என்று விசாரித்தாள். முத்துக்குமார் அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். குழலி மனுவை எடுத்து நீட்டினாள். "கிழக்கு வூட்டு வரி பாக்கி தம்பி. நாளைக்கு வந்து அடைக்கப் போறான். உங்க கையெழுத்து வேணும். ஆபீசுக்கு எதிர்ல அம்சான்னு ஒரு பொண்ணு இ-சேவை வச்சிருக்குது, அதுகிட்டக் குடுத்தாப் போதும்."

அவன் படித்தான். ஒருமுறை படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தான். அவன் உதடு ஒருபக்கம் இழுத்துக்கொண்டது.

"அலமு. பாத்தியா?"

"இன்னா?"

"கிழக்குக்குக் கட்டவே இல்லியாம்." அவன் அண்ணி பக்கம் திரும்பினான். "அண்ணி, மூணு வருசம் முன்ன மேற்கு வூட்ட வாடகைக்கு விடலாம்னு கரண்டு பேரு மாத்தப் போனேன். வரி ரசீது கேட்டாங்க. எங்க ரசீது இருக்குது? நான்தான் கட்டினதே இல்லியே. காலேஜ் பசங்ககிட்டச் சொல்லி நெட்டுல பாத்தா பாக்கி இல்ல. எல்லாம் அண்ணன் கட்டியிருக்குது. என் வூட்டுக்கு! பேச்சு இல்ல, மூஞ்சி பாக்கறது இல்ல, வரியக் கட்டிக்கினு வருது. அன்னிக்குச் சோறு எறங்கல எனுக்கு. வாடகையும் வாணாம் ஒண்ணும் வாணாம்னு வந்துட்டேன். தெனம் காலையில முனையில ஹாரன் அடிப்பேனே, அதுக்கோசரந்தான். நான் ஹாரன் அடிக்கிறேன், அண்ணன் வரி கட்டுது. அவ்ளோதான் எங்க பேச்சுன்னு இவகிட்டச் சொல்லுவேன்."

அலமு தலையாட்டினாள்.

"கிழக்குக்கும் கட்டுதுன்னுதான் நெனச்சேன். இப்பத்தான் தெரியுது. அதால ரெண்டும் முடியல. என்னுதக் கட்டிட்டு அதோடத உட்டுடுச்சு." மனுத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

குழலி மோர் டம்ளரைக் கீழே வைத்தாள். அப்படி இல்லை தம்பி, உங்கள் அண்ணன் கதவு எண்ணைப் பார்க்காத மனுஷன், அவ்வளவுதான் என்று சொல்ல வாயைத் திறந்தாள். மஹாலட்சுமியின் வீங்கிய கால்கள் நினைவுக்கு வந்தன. மண் மூட்டை நினைவுக்கு வந்தது. வாயை மூடி ஒரு வடகத்தைக் கடித்தாள்.

"பாதியும் இல்ல, தவணையும் இல்ல" என்றான் முத்துக்குமார். "முழுசும் நான் கட்டுறேன். காலையில நானே வர்றேன். பஸ்ஸுக்கு மாத்து ஆளு சொல்லிக்கிறேன். அண்ணன்கிட்டச் சொல்லுங்க."

திரும்பி வரும்போது ஆட்டோவில் பக்கத்தில் இருந்த பெண், "ஒடம்பு சரியில்லியாமா?" என்று கேட்டாள். இவள் இல்லை என்று தலையாட்டினாள்.

சாயங்கால வெளிச்சம் தறியைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. குழலி தன் பலகைமேல் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்க்காமல், நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். ஹாரனையும் சொன்னாள்.

வேலாயுதம் நாடாவைக் கீழே வைத்தார்.

"அவன் அப்படியா நெனச்சிக்கினு இருந்தான்?"

"ஆமா."

"நீ சொல்லலியா? தெரியாமக் கட்டினதுன்னு?"

"சொல்லல."

"ஏன்?" குரல் உயர்ந்தது. மஹாலட்சுமி சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கட்டாததக் கட்டினேன்னு ஏமாத்தி அவன் காச வாங்கணுமா? இன்னா நெனச்சிக்கினு இருக்குற?"

"நான் ஏமாத்தல. ஒரு வார்த்தை பேசல" என்றாள் குழலி. இத்தனை வருடத்துச் சலிப்பும் அவள் வாய்க்கு வந்தது. "கம்முனு இருந்தேன். இந்த வூட்டுல கம்முனு இருக்குறது தப்பா? உங்ககிட்டக் கத்துக்கினதுதான? நீங்க கம்முனு இருந்தா ரோசம், நான் கம்முனு இருந்தா ஏமாத்தா? உண்மையச் சொல்லணும்னா வாய் உங்களுக்கும் இருக்குது. நீங்க சொல்லுங்க. போன் போட்டுத் தர்றேன்."

அவர் குழியைப் பார்த்தார். தெரு விளக்கு எரியத் தொடங்கியது. குழலி எழுந்து போகவில்லை, இன்னொரு வார்த்தையும் பேசவில்லை. முதல்முறையாக அவளும் அவர் அளவுக்குக் காத்திருந்தாள்.

கடைசியில் வேலாயுதம் குழியிலிருந்து கால்களை வெளியே எடுத்தார். "மஹா, அவன் நம்பர் இருக்குதா?"

அவள் போட்டுக் கொடுத்தாள். ஸ்பீக்கரில் வைக்கப் போனவளைக் கையால் தடுத்தார்.

"தம்பி. நான்தான்."

அங்கே என்ன சொன்னான் என்று இங்கே கேட்கவில்லை.

"அண்ணி சொல்லிச்சு. அது... நான் உனுக்குன்னு கட்டலடா. என் பேரப் பாத்துக் கட்டினேன். கதவு நம்பரப் பாக்கல. கூமுட்டை மாரி கட்டிக்கினு வந்திருக்கேன். உண்மை அதான்."

பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று மஹாலட்சுமி எட்டித் திரையைப் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை. இரண்டு பக்கமும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள் போல.

"ம்" என்றார் வேலாயுதம். கொஞ்சம் கழித்து, "ம்." பிறகு, "சரி. வா." போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனார்.

"இன்னா சொன்னாரு?" என்று குழலி பின்னாலேயே போனாள்.

"வர்றான்."

"காசு கட்டுவாரா? கையெழுத்துப் போடுவாரா? கோவிச்சுக்கினாரா?"

"வர்றான்னு சொன்னேனே."

குழலி நெற்றியில் அடித்துக்கொண்டாள். அன்று பொழுது விடிகிறவரை அவளுக்குத் தெரிந்தது அந்த ஒரு சொல்தான்.

வெள்ளிக்கிழமை காலை பெரிய தெரு முனையில் ஹாரன் கேட்கவில்லை. மாற்று ஓட்டுநருக்கு அந்தப் பழக்கம் இல்லை போல. வேலாயுதம் மிதியில் காலை வைத்துக்கொண்டு நெய்யாமல் இருந்தார். வெயில் ஜன்னலைத் தாண்டி உள்ளே வந்தது. யாரும் வரவில்லை. ராமராஜன்தான் முதலில் வந்தான். பின்னால் குட்டியானை வண்டி. அதில் இரண்டு ஆட்களும் மண் மூட்டைகளும்.

"கட்டிட்டீங்களா? சிஸ்டத்துல ஏறலியே."

"கட்ட வந்துக்கினு இருக்காரு" என்றாள் குழலி.

"எல்லாரும் இதான் சொல்றாங்க." ஆட்கள் சந்தில் இறங்கி மூடியை நெம்பினார்கள். நாற்றம் தெருவை அடைத்தது. மஹாலட்சுமி மூக்கைப் பொத்திக்கொண்டு, "சார், இந்தச் சீன் முடிஞ்சா சொல்லுங்க, நான் உள்ள போவணும். அவசரம்" என்றாள். தமாஷ் இல்லை என்று அவள் முகம் சொன்னது. ராமராஜன் ஆட்களைப் பார்த்து, "இரு இரு, அக்கா போயிட்டு வரட்டும்" என்றான். மூட்டையைத் தூக்கியவன் தூக்கியபடி நின்றான்.

அந்த நேரத்தில்தான் முத்துக்குமாரின் வண்டி தெருவுக்குள் நுழைந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவள் அம்சா. கையில் ரசீதை ஆட்டிக்கொண்டே இறங்கினாள்.

"முழுசும் கட்டியாச்சு. சர்வர் தூங்குது, ஏற நேரமாவும். பேப்பர் இருக்குதில்ல? பேப்பரப் பாருங்க சார். மூட்டையக் கீழ எறக்குங்க."

ராமராஜன் ரசீதைப் படம் எடுத்து யாருக்கோ அனுப்பினான். போனில் யாருடனோ பேசினான். மூட்டை வண்டிக்குத் திரும்பியது. கிளம்பும்போது மேற்குக் கதவைக் காட்டி, "அதக் கிழிச்சிடுங்க. இந்த வூட்டுக்கு எந்தப் பாக்கியும் இல்ல. யாராவது பாத்தா என்னத்தான் கேப்பாங்க" என்றான்.

முத்துக்குமார் அப்போதுதான் கதவைப் பார்த்தான். தன் வீட்டுக் கதவில், தன் பெயர், கொட்டை எழுத்தில்.

வேலாயுதம் வெளியே வந்து நின்றார். தம்பிக்குக் காதோரம் நரைத்திருப்பதை முதல்முறையாகப் பார்த்தார். தம்பியும் அவரைப் பார்த்தான். இருவரும் எதுவும் பேசவில்லை. குழலிக்கு உள்ளே கொதித்தது. இதற்கா இவ்வளவு அலைச்சல்?

"தெரியாமக் கட்டினா மட்டும் இல்லேன்னு ஆயிடுமா?" என்றான் முத்துக்குமார் கடைசியில். "நான் மூணு வருசம் அத வச்சிக்கினுதான் ஹாரன் அடிச்சேன்."

வேலாயுதம் தொண்டையைச் செருமினார். "அந்தப் பத்திரம் எழுதுறவரு... இன்னும் அங்கதான் ஒக்காந்துக்கினு இருக்காரா?"

"இருக்காருணா."

"திங்கக்கெழமை போயி எழுதிக்கலாம். மாத்தி. முத்திரைத்தாள்லயே."

அம்சா, "அப்பாடா" என்றாள். "எழுதினதும் ரெண்டு கதவுக்கும் பேரு மாத்த என்கிட்ட வாங்க. ஃபீஸு உண்டு."

பேச்சு முடிந்துவிட்டதால் வேலாயுதம் மேற்குக் கதவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தாளைச் சுரண்டத் தொடங்கினார். முத்துக்குமார் தேங்காய் ஓட்டுத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து மறுபக்கத்தில் உட்கார்ந்தான். ஓரங்கள் பிய்ந்து வந்தன. முத்திரை வந்தது. வெள்ளிக்கிழமை என்ற சொல் வந்தது. நடுவில் தடித்துக் கஞ்சி பூசிய இடம் அசையவில்லை. இரண்டு பேருக்கும் வியர்த்துக் கொட்டியது.

"இந்தக் கஞ்சிய யாருணா காச்சினது?"

"வேற யாரு? உங்க அண்ணிதான்."

குழலி இடுப்பில் கை வைத்து மேலே நின்று பார்த்தாள். கதவில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பெயர்.

"உடுங்க ரெண்டு பேரும். மரத்தக் கீறாதீங்க" என்றாள். "பேரு சரியான கதவுலதான் இருக்குது. நான் அன்னிக்கே சொன்னேன்."

உள்ளே போய்ப் பலகைமேல் உட்கார்ந்து நாடாவை எடுத்தாள். புதன்கிழமையிலிருந்து கரை அப்படியே நின்றிருந்தது. "வந்தீங்கன்னா ஒரு சாணாவது ஓட்டலாம்" என்று வாசல் பக்கம் கத்தினாள்.

"ம்" என்றது வாசல். இரண்டு குரல்.